மாப்பிள்ளை வாரம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், என் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் நலம். உன் கை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சலவையில் வெளுப்பு மருந்து பட்டுத் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாய். கையுறை கேட்டு வாங்கினாயா, இல்லை வழக்கம்போல எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு நீ வெறுங்கையோடு நிற்கிறாயா? அத்தானையும் மாமனாரையும் கேட்டதாகச் சொல்.

இங்கே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு கூத்து நடந்தது. எங்களிடம் பெட்டி வாங்குகிற கம்பெனிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. எங்கள் பிரிவில் ஒன்பது பேர். "ஆறு பேருக்குத்தான் வேலை இருக்கு. எந்த மூணு பேர் போறதுன்னு நீங்களே பேசிச் சொல்லிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படி ஒரு வேலையை யாராவது யாருக்காவது கொடுப்பார்களா? ஒன்பது பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நெட்டையன்தான் வாயைத் திறந்தான். என்னோடு கட்டிங் மெஷினில் நிற்பவன், வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவனுக்குப் பொழுது போகாது. "யாரும் போக வேணாம்டா. வாரத்துக்கு மூணு பேரா வீட்ல உட்காருவோம். சுத்திச் சுத்தி வரட்டும்" என்றான்.

அப்படியே முடிவாயிற்று. இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. வீட்டில் இருக்கிற வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வரும் என்பதால் அதற்கு 'மாப்பிள்ளை வாரம்' என்று பேர் வைத்திருக்கிறோம். என் கையெழுத்து பார்க்கும்படி இருக்கும் என்பதால் முறைப் பட்டியலை எழுதி ஒட்டுவது நான்தான். முதல் மாப்பிள்ளை வாரத்தைப் பசை அண்ணன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். பசை காய்ச்சுகிற அடுப்பைப் பார்த்துக்கொள்பவர், மனைவி போன பிறகு தனி அறையில் இருக்கிறார். "என்னைக் கேக்க யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

சமாளித்துவிடுவோம். கவலைப்படாதே.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். என் கையைப் பற்றிக் கேட்டதற்குச் சந்தோஷம். என் மானத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் தபால் வந்தால் மாமனார்தான் பிரிப்பார் என்று உனக்குத் தெரியாதா? மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைக் கனைத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி கூடத்தின் நடுவில் நின்று வாசிப்பார். அன்றைக்கும் வாசித்தார். 'மாப்பிள்ளை வாரம்' என்ற இடம் வந்ததும் என் ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்க தம்பி சூப்பர்வைசர்னு சொன்னீங்களே அக்கா, சூப்பர்வைசரையுமா வீட்ல உட்கார வைப்பாங்க?" என்று கேட்டாள். ஆமாம், சொல்லியிருந்தேன். இந்த வீட்டில் என் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள நீ ஒருத்தன்தானே இருக்கிறாய்?

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் நாலு பேர் முன்னால் வாசிக்கிற மாதிரி எழுது. கஷ்டம் யாருக்கு இல்லை? அதையெல்லாம் நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம். ஆம்பிள்ளை வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். அந்த வாரத்தில் சும்மா இருக்காமல் வேறு ஏதாவது வேலை பார்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும், மரியாதைக்குரிய மாமனார் அவர்களுக்கும், வீட்டில் எல்லோருக்கும்,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம். தங்கள் எல்லோருடைய நலத்தையும் கேட்டு எழுதுகிறேன். இங்கு வெயில் அதிகம். தொழிற்சாலையில் வேலை நன்றாக நடக்கிறது. எனக்கும் வேலை அதிகம், அதனால்தான் கடிதம் தாமதம்.

பள்ளி விடுமுறை என்பதால் பாப்பாவும் அவள் அம்மாவும் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான்தான் போய் வரச் சொன்னேன். பாப்பாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கும். நானே சமைத்துக்கொள்கிறேன், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

பசை அண்ணனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். தங்கமான மனிதர். நெட்டையன் மனைவி மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தன்னுடைய வேலை வாரத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரத்தை எங்கள் அச்சு மெஷின்காரருக்குக் கொடுத்தார், அவர் பையனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டுமாம். என்னிடம் வந்து "என் பேரை அடிச்சிட்டு அவன் பேரை எழுதுப்பா" என்பார், நான் எழுதுவேன். இந்தக் காலத்தில் இப்படி ஒருவர்.

எல்லோருடைய உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. எல்லோரும் நலம், உன் நலத்துக்கு எழுது.

இப்படி எழுதினால் எப்படி இருக்கிறது பார்! மாமனார் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தார். ஓரகத்திக்கு முகத்தில் ஈயாடவில்லை. "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று மாமனாரே சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

எனக்கு இங்கே மூச்சு விட நேரமில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு வருகிறது. ஒரு இயந்திரம் படுத்துவிட்டது, மூன்று வாரமாகப் பார்க்க ஆள் வரும் வரும் என்கிறார்கள். மனநலப் பிரிவு நர்ஸ் ஒருத்தி வந்து எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பாள், அவள் வந்தால்தான் எனக்கு இடுப்பை நிமிர்த்த ஒரு சாக்கு.

அந்தப் பசை அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள். தனக்கு இல்லாவிட்டாலும் அடுத்தவனுக்குக் கொடுக்கிறார், ஒரு புலம்பல் இல்லை. அப்படி இருக்க வேண்டும் மனிதன்.

விடுமுறை முடியப் போகிறதே, உன் வீட்டுக்காரி எப்போது வருகிறாள்?

அக்கா

ஜூன் 18

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு இல்லை. மன்னித்துக்கொள். இதை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உன் சலவைப் பிரிவுக்கு அனுப்புகிறேன். மாமனார் வாசிக்கிற கடிதம் இல்லை இது.

பசை அண்ணன் இறந்துவிட்டார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். எப்படி என்று நான் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

ஐந்து முறை அக்கா. ஐந்து வேலை வாரத்தை ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டு, மகராசன் என்று வாழ்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒட்டிய பட்டியலில் அவரவர் பேரை மட்டும்தான் பார்ப்பார்கள், ஐந்தும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஐந்து தடவையும் அவர் பேரை அடித்து இன்னொரு பேரை எழுதியது இந்தக் கை. சம்பளமே இல்லாமல் ஒரு மனிதன் இத்தனை வாரம் எதைச் சாப்பிட்டார் என்று ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. நல்ல மனசு என்று நினைத்தேன். உனக்கும் பெருமையாக எழுதினேன்.

அதற்கு அடுத்தது அவர் வேலை செய்ய வேண்டிய வாரம், பட்டியலில் அவர் பேர் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அவர் வரவில்லை. என்னிடம் சொல்லாமலே யாருக்காவது கொடுத்திருப்பார், ஆள் வருவான் என்று இருந்தேன். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை நெட்டையன் அவர் அறைக்குப் போனான்.

வேலை குறைந்ததால்தான் என்கிறான் ஒருவன். மனைவி போனதிலிருந்தே அவர் அப்படித்தான் என்கிறான் இன்னொருவன். தூங்கியே மாதக்கணக்காகிறது என்று பக்கத்து அறைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அதுவும் யாரும் சொல்லவில்லை. எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமும் சேர்ந்து ஒரு ஆளின் மேல் விழுந்திருக்கிறது, எட்டுப் பேர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

தம்பி

ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். பாவம் அந்த மனிதர். அவர் விதி அவ்வளவுதான். அவரவர் முடிவுக்கு நீ என்ன செய்வாய்? நீ பட்டியல் எழுதினாய், அவ்வளவுதானே. அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நன்றாகச் சாப்பிடு, வேலையில் மனசை வை, தானாகச் சரியாகிவிடும். ஆம்பிள்ளை இப்படி உடைந்து போகலாமா? உன்னை நம்பி இரண்டு உயிர் இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்திருக்குமே, பாப்பா வந்துவிட்டாளா? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 24

தம்பி,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சலவைப் பிரிவுக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். உன் தெருமுனைக் கடைக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "கூப்பிட்டேம்மா, அப்புறம் பேசறேன்னாரு" என்று கடைக்காரர் சொல்கிறார். அக்காவிடம் என்னடா அப்புறம்?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று அறுவை சிகிச்சைத் துணியையும் வார்டு துணியையும் ஒன்றாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

பதில் போடு.

அக்கா

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும், மரியாதைக்குரிய மாமனார் அவர்களுக்கும்,

வணக்கம். நான் மிகவும் நலம். கடிதம் எழுதாமல் இருந்ததற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். கொஞ்ச நாள் மனசு சரியில்லாமல் இருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது. பசை அடுப்புக்கு வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்துவிட்டார், மறுபடி ஒன்பது பேர் ஆகிவிட்டோம்.

நெட்டையனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போன மாதம் முழுவதும் விடாமல் வேலைக்குப் போனான், நல்ல விஷயம். எனக்கும் ஒழிவு கிடைத்தது. அறையைச் சுத்தம் செய்தேன். மின்விசிறியைப் பாப்பாவுக்கு அனுப்பிவிட்டேன், அங்கே புழுக்கம் அதிகமாம். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அடுத்த மாதத்துக்கான முறைப் பட்டியலையும் இப்போதே எழுதி முடித்துவிட்டேன், யாருக்கும் சிரமம் இருக்காது.

மாமனார் அவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அக்காவை இத்தனை வருஷம் நல்லபடியாக வைத்திருக்கிறீர்கள், அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அத்தானுக்கும் நன்றி. அக்கா, சின்ன வயதில் நான் கொடுத்த தொல்லைக்கெல்லாம் மன்னித்துக்கொள். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்.

என்றும் அன்புள்ள,
தம்பி

ஆகஸ்ட் 9, காலை பத்து மணி

நெட்டையன் தம்பிக்கு,

உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. உங்களோடு கட்டிங் மெஷினில் நிற்பவனின் அக்கா நான். நலம் கேட்க நேரமில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வண்டி ஒரு நோயாளியோடு உங்கள் ஊருக்கு இப்போது கிளம்புகிறது. காலில் விழாத குறையாகக் கேட்டேன், வெளியாளை ஏற்ற முடியாது என்கிறார்கள். டிரைவர் நல்லவர், கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். தொழிற்சாலை வாசலில் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், உயரத்தை அடையாளம் சொன்னேன். எனக்குப் பஸ் நாளைக் காலைதான். அவன் தெருமுனைக் கடைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே என் தம்பி அறைக்குப் போங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

நேற்று அவன் கடிதம் வந்தது. மாமனார் வாசித்தார், "இப்பத்தான் பையன் தெளிஞ்சிருக்கான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஆனால் ராத்திரி முழுக்க என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்து, ஏப்ரலில் வந்த கடிதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன மாதம் முழுவதும் நீங்கள் வேலைக்குப் போனீர்கள் என்று எழுதியிருக்கிறான். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்பதுதானே உங்கள் கணக்கு? உங்கள் மாப்பிள்ளை வாரத்தில் யாருடைய வேலைக்குப் போனீர்கள்? என் தம்பியுடையதுதானே? மற்ற வாரங்களை அவன் வேறு யாருக்குக் கொடுத்தான் என்று உங்கள் ஆட்களைக் கேளுங்கள்.

இங்கே மனநலப் பிரிவு நர்ஸிடம் இரண்டு கடிதத்தையும் காட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டாள். அவள் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். சுற்றி வளைக்க வேண்டாம். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும். திட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். அவன் கைக்கு எட்டக்கூடாதது ஏதாவது அறையில் இருந்தால் எடுத்து வெளியே கொடுத்துவிடுங்கள். கூடவே உட்காருங்கள். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, இன்றைக்கே கூட்டிப் போங்கள்.

உள்ளே இருக்கிற தாளை அவனிடம் கொடுங்கள். வண்டி மூன்று மணிக்கு அங்கிருந்து திரும்புகிறது. அவன் எதை எழுதினாலும் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். அவன் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் எழுதுங்கள்.

அக்கா

ஆகஸ்ட் 9

தம்பி,

ஒன்று கேட்கிறேன். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?

நீ என்ன பதில் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது, அவமானமும் வராது. அவமானம் என்று நான் சொன்னதெல்லாம் என் திமிர். வாசிக்கிற மாதிரி எழுது என்று உன் வாயைக் கட்டியது நான்தான். அந்த மனிதரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எழுதியதும் நான்தான், அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நீ அழுது எழுதியபோது விதி என்றேன்.

சூப்பர்வைசர் வேண்டாம். வேலையும் இல்லாமல் போகட்டும். வேலை இல்லாத தம்பி எனக்குப் போதும், தம்பி இல்லாமல் எனக்கு ஆகாது.

உண்மையை எழுது. நாளைக்கு வருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 9, மதியம் இரண்டே முக்கால்

அக்கா,

ஆமாம்.

நெட்டையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வேலை உடுப்போடு ஓடி வந்திருக்கிறான், நெற்றியில் புதுசாக ஒரு வீக்கம், என் வாசல் நிலையில்தான். உன் கடிதத்தில் எழுதியிருந்த மாதிரியே கேட்டான். கேட்டுவிட்டு அவன்தான் முதலில் அழுதான். அப்புறம் மேஜையில் இருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தான். அடுத்த மாதப் பட்டியலில் எட்டுப் பேர் பேர்தான் இருந்தது. "உன் பேர் எங்கடா?" என்றான்.

ஒரு மாதமாக இதே நினைப்பு. பாப்பா வரவில்லை அக்கா, அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்து போதாது என்று நான்தான் சொன்னேன். வேலை நாளில் தெருவில் நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள், அறைக்குள் இருந்தால் பசை அண்ணன் ஞாபகம். நான் ஒருத்தன் இல்லாவிட்டால் எட்டுப் பேருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கிடைக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது சரியான கணக்கு மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கீழே ஆட்டோ நிற்கிறது. நெட்டையன் என் அறைச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

வா.

தம்பி

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் பரவாயில்லை. நலம் என்று எழுதலாம்தான், ஆனால் அந்த வார்த்தையை நான் நிறையத் தடவை பொய்யாக எழுதிவிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே வந்து தங்கிய பத்து நாளைக்கு விடுப்புச் சம்பளம் பிடித்தார்களா?

மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் மூன்று வாரம் வாய் வறண்டு, பகலெல்லாம் தூக்கம். இப்போது குறைந்திருக்கிறது. டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் கறார். "நல்லாயிட்டேன்னு நீங்களே நிறுத்திடக்கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் மிரட்டுகிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகிறேன்.

நீ கிளம்பின பிறகு நெட்டையன் ஒரு பட்டியல் போட்டான். என்னோடு யார் எந்த நாள் சாப்பிடுவது, யார் ராத்திரி படுப்பது என்று எட்டுப் பேருக்கும் முறை. கோழி கிளறின மாதிரி கையெழுத்து, நாலு பேர் நாள் மாறி வந்து ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தோம். சிரித்தேன் அக்கா. எனக்கே அது என் குரல்தானா என்று இருந்தது.

தொழிற்சாலையில் பெரிசாக ஒன்றும் மாறவில்லை. பெட்டி கேட்டு ஆள் வரவில்லை, மாப்பிள்ளை வாரம் அப்படியே ஓடுகிறது. ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். வேலை வாரத்தை இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒன்பது பேர் முன்னாலும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு தடவை கூடாது. வீட்டில் இருக்கிறவனும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். வாசல் காவல்காரர் கண்டும் காணாமல் விடுகிறார். பசை அண்ணன் இருந்தபோது இது தோன்றவில்லையே என்று நினைக்காத நாள் இல்லை. டாக்டரிடம் அதைத்தான் அதிகம் பேசுகிறேன். அது போகாது போலிருக்கிறது, ஆனால் அதோடு சாப்பிட முடிகிறது.

போன ஞாயிறு அவளும் பாப்பாவும் வந்தார்கள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா?" என்று சத்தம் போட்டாள். பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினாள். சொல்லத் தெரியவில்லை என்றேன். பரீட்சை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நம்பலாமா தெரியவில்லை, நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வாராவாரம் நீ போடுகிற அஞ்சலட்டை வந்துகொண்டிருக்கிறது. மூடின கடிதமாகப் போடலாமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. தபால்காரர் படிக்கிறார், வீட்டுக்காரம்மா படிக்கிறார், மாடிப்படியில் கிடந்தால் எதிர்வீட்டுப் பையன் எடுத்துச் சத்தமாகப் படிக்கிறான். அட்டை முழுக்க ஒரே ஒரு கேள்வி: 'இந்த வாரம் அந்த நினைப்பு வந்ததா?' இப்போது தபால்காரரே சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், பதில் என்ன எழுதப் போறீங்க?" என்று நின்று கேட்கிறார். என் பதிலை அங்கே மாமனார் கூடத்தின் நடுவில் நின்று வாசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். வாசிக்கட்டும். எழுத்தைக் கூட்டிக் குறைக்காமல் வாசிக்கச் சொல்.

போன வாரம் வந்தது, இரண்டு நாள். நெட்டையனிடம் சொன்னேன், வந்து படுத்தான்.

இந்த வாரம் இல்லை.

அடுத்த வாரமும் கேள்.

தம்பி